கதவில் மூன்று பொட்டு

என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். சாயங்காலம் அவள் பையைத் தூக்கினால் காலையில் இருந்த கனம் குறைந்திருக்காது. பாட்டிலைத் திறந்து வாசலில் நிற்கும் முருங்கைக்கு ஊற்றுவேன். ஊற்றிக்கொண்டே திட்டுவேன்.

"முருங்க மரத்துக்குத் தண்ணி ஊத்த அரியலூர் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டு வர்றியா?"

பையைப் போட்டதும் கொல்லைப்பக்கம் இருக்கும் கக்கூசுக்கு ஓடிவிடுவாள். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம், ஆடி மாதத்தில், குளிர்க் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தார்.

"ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறியா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"பாத்ரூம் போறியா?"

அதற்கும் இல்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீர்ப்பாதையில கிருமி. மாத்திரைக்குச் சரியாயிடும். ஆனா இப்படித் தண்ணி குடிக்காம, வர்றத அடக்கிக்கிட்டு இருந்தா மறுபடி மறுபடி வரும். அப்புறம் கிட்னியில போயி நிக்கும். அம்மாதான பாத்துக்கணும்?"

அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பன் பார்க்க மாட்டான், அரசாங்கம் பார்க்காது, ஊர் பார்க்காது. எனக்கு அங்கேயே கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை முன்னால் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்டி போறதில்ல?"

"கதவுல ஓட்டைம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அதையும் டீக்கடைக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்துதான் சொன்னாள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் ஏற்றின டிப்பர் லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டுச் சுவர் அந்தத் தூசியில் வெளுத்துக் கிடக்கும். பின்னால் மாணவிகள் கழிவறை. வரிசையாகத் தகரக் கதவுகள். ஒவ்வொன்றும் அடியில் முழங்கால் உயரத்துக்குத் துருப்பிடித்து, அரித்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒன்றுக்குக் கதவே இல்லை, கீல் மட்டும் தொங்கியது. இருந்த கதவுகளில் கண் மட்டத்தில் ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் நோட்டுக் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். சிலதில் மென்று துப்பின சூயிங்கம். பிள்ளைகள் தாங்களே அடைத்திருக்கிறார்கள். அடைத்ததை யாரோ குத்தித் தள்ளியிருக்கிறார்கள், திரும்ப அடைத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் எதிலும் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாத பிள்ளை போகாது. போக வேண்டியிருக்கும் என்று பயந்து தண்ணீரே குடிக்காது.

அங்கே நின்று நான் அழவில்லை. அழுகிற ஆளில்லை நான். ஆனால் உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் நான் கதவு செய்கிறவள்.

ரஞ்சன்குடி பக்கம் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு ஃபைபர் பட்டறை இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் எங்கள் பட்டறைதான் முதலில் படும். வாசலில் ஒரு பெரிய நீல மீன் நிற்கிறது, ஏதோ ஓட்டலுக்குச் செய்து அவர்கள் வாங்காமல் விட்டது. அங்கேதான் பல வருஷமாக எனக்கு வேலை. நாங்கள் அதிகம் செய்வது பாத்ரூம் கதவு. திருச்சியிலும் சென்னையிலும் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வாங்கிப்போவார்கள். எவர் வீட்டுக் குளியலறைக்கோ வழவழவென்று கதவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை காகிதம் அடைத்த தகரத்துக்குப் பின்னால் போகப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃபைபர் என்றால் பிளாஸ்டிக் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. கண்ணாடியை நூலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, பாய் மாதிரி பரப்பி அமுக்கியிருப்பார்கள். அதை மேட் என்போம். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டால் தெரியும். கையில் ஏறின முள் கண்ணுக்கே தெரியாது, ராத்திரியெல்லாம் அரிக்கும். வேலைக்கு முன்னால் முழங்கை வரைக்கும் பவுடர் பூசிக்கொள்வோம். ரெசின் தேன் பதத்தில் இருக்கிற பிசின். ஹார்டனர் கலந்தால் சூடேறிக் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். வெறும் ரெசினை இறுகவிட்டுக் கீழே போட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெறும் மேட் துணி மாதிரி மடங்கும். மேட்டை விரித்து, ரெசினை ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் அழுத்தினால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று போகாது. மண் சுவருக்கு வைக்கோல் போட்டுக் குழைப்பார்களே, அதே கதைதான். துருப்பிடிக்காது, கரையான் தின்னாது, தண்ணீரில் ஊறாது. படகு இதில்தான். மாடியில் வெளிச்சத்துக்குப் போடுகிற ஓடு, தண்ணீர்த் தொட்டி, பஸ் முகப்பு, பூங்காவில் சறுக்குமரம் எல்லாம் இதில்தான். பாம்பு மாதிரி நீளமாக, ரோட்டையே அடைத்துக்கொண்டு லாரியில் போகிற காற்றாலை இறக்கையும் இதே கண்ணாடி நூல்தான். அது போகும்போது நாங்கள் எல்லாரும் வேலையை விட்டு வெளியே வந்து பார்ப்போம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு நடைபாதைத் தட்டு, கேபிள் போகிற தட்டு எல்லாம் செய்து கொடுத்திருக்கிறோம், இரும்பு அங்கே தாங்காது என்று. டைனோசர் செய்திருக்கிறோம். அரியலூர் மண்ணில் முட்டை கிடைத்த பெருமை, யாரோ பூங்காவில் வைக்க ஆசைப்பட்டார்கள். டைனோசருக்கு மூக்கு சரியாக வரவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கக்கூஸ் கதவைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நான் பேசப் போனேன். அங்கே வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக்கூட வாசலில் பெரிய வளைவு கட்டித் தருகிறார்களாம். கொடுத்தவர் பெயரெல்லாம் கல்லில் பொறிப்பார்களாம். எந்தப் பெயர் மேலே, எந்தப் பெயர் கீழே என்று அரை மணி நேரம் போனது. நான் எழுந்தேன்.

"பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குக் கதவு இல்ல. அத மொதல்ல போடுங்க."

ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார். "அது கவர்மெண்ட் வேலைம்மா. எழுதிப் போட்டிருக்கு. வரும்."

"வளைவு மட்டும் கவர்மெண்ட் வேலை இல்லையா? அதுக்கு எப்படி மனசு வந்துச்சு? கக்கூஸ் கதவுலயும் உங்க பேரப் பொறிச்சுக்கங்க. யாரு வேணாங்குறா?"

பின்வரிசையில் பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். முன்வரிசை சிரிக்கவில்லை. கக்கூஸ் கதவில் பெயர் போட்டுக்கொள்ள எவருக்கும் மனசில்லை. அன்றைக்கு எனக்குப் புரிந்தது அதுதான்.

கூட்டம் முடிந்ததும் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன்.

"நீங்க கத்துனது சரிம்மா. ஆனா நான் சும்மா இருக்கேன்னு மட்டும் நெனைக்காதீங்க. எத்தன தடவ எழுதியிருக்கேன் தெரியுமா?" கொஞ்சம் நிறுத்தினார். "நானும் இங்க தண்ணி குடிக்கிறதில்ல. வூட்டுக்குப் போயித்தான்."

ஒரு பள்ளிக்கூடமே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"கதவு நான் செஞ்சு குடுத்தா மாட்டிக்குவீங்களா டீச்சர்?"

"மாட்டிக்குவீங்களாவா? பூஜை போட்டு மாட்டுவேன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவர்.

எங்கள் முதலாளி லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் படகு கட்டுகிற இடத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு, அந்தத் தொழிலையே இங்கே கொண்டுவந்து வைத்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளத்தில் கறார், பேச்சில் தாராளம். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சவில்லை. கெஞ்சத் தெரியாது எனக்கு.

"சரக்கு உங்களுது, கை எங்களுது. காலாண்டு லீவுல செஞ்சு மாட்டிடலாம். முடியும்னா சொல்லுங்க, முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லுங்க."

"ஏம்மா தங்கச்சி, கேக்க வந்தியா, மெரட்ட வந்தியா?"

"ரெண்டும்தான்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, ஓரமாகக் கிடந்த மேட் சுருளைப் பார்த்தார். "எம் பொண்ணு படிக்கையில பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஓடியாருவா. ஏன்னு அவ உம்மாகிட்டகூட நான் கேட்டதில்ல." அப்புறம், "செய்யிங்க. இன்ஷா அல்லாஹ், ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள மாட்டிடணும்," என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். மகள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"லீவு முடிஞ்சு கதவு இருந்தா போறேன். இல்லன்னா போகலம்மா. மறுபடி ஆஸ்பத்திரிக்கெல்லாம் என்னால முடியாது."

படிப்பில் கெட்டி. டவுனில் பெரிய படிப்பு படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு கதவுக்காக இதெல்லாம் நின்றுபோகப் பார்க்கிறது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவளும் என் ரத்தம்தான்.

கதவு செய்வது இப்படி. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் அச்சு. அச்சு என்பது கதவின் பூவேலை முகத்தைக் குப்புறக் கவிழ்த்த மாதிரி, கண்ணாடி போலப் பளபளக்கும். அதற்கு மெழுகு தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு ஒட்டிக்கொண்டு வராது. மெழுகின்மேல் ஜெல் கோட் என்கிற வண்ணப் பூச்சு. அதுதான் கடைசியில் கதவின் முகம். அதன்மேல் மேட், ரெசின், மறுபடி மேட். அப்புறம் நடுவில் ஃபோம், ஓரத்தில் மரச் சட்டம், பின்பக்கத்துக்குத் தனியாக மழமழவென்று ஒரு தகடு. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இறுகும். இதில் முக்கியம் அச்சு சுத்தமாக இருப்பது. ஒரு தலைமயிர் கிடந்தாலும் அது கதவின் முகத்தில் ஆயுசுக்கும் இருக்கும்.

ஜெல் கோட் அடிப்பது எங்கள் பட்டறையில் ஓர் அக்கா. அவர் பிரஷ் பிடித்தால் கோடு விழாது. அந்தத் திமிரும் உண்டு. நானும் அவரும் சண்டை போடாத நாள் கிடையாது, சேர்ந்து சாப்பிடாத நாளும் கிடையாது.

காலாண்டு லீவும் ஆயுத பூஜையும் சேர்ந்து வந்தன. எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை பெரிசு. பாய் தடுக்க மாட்டார். பொரி, கடலை, பழமெல்லாம் அவரே வாங்கிவந்து கொடுத்துவிட்டு, கேட் ஓரமாக நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். உருளை, வாளி, கிரைண்டர், கத்திரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்போம். அச்சுகளுக்குப் புதிதாக மெழுகு தேய்த்துப் பளபளவென்று நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எங்கள் நெற்றி உயரத்தில் வரிசையாக மூன்று பொட்டு.

"பாய், உங்க வண்டிக்கும் வெச்சாச்சு!" என்று அக்கா கத்தினார்.

"வை, வை. போலீஸ்காரன் நிறுத்தாம இருந்தா சரி."

எப்போதும் பூஜைக்குப் பிறகு பட்டறை சில நாள் மூடியிருக்கும். சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். வந்து மறுபடி துடைத்து, மெழுகு போட்டுத்தான் வேலை ஆரம்பிப்போம். இந்தத் தடவை அவசரம். விஜயதசமி, புது வேலை தொடங்க நல்ல நாள் என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அங்கே இல்லை. வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் டிப்பர் ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு. தகரக் கதவுகளைக் கழற்றிப்போட்டு, நிலையை அளந்து, புதுக் கீலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கதவைத் தூக்கும்போது அது அவர் கையிலேயே இரண்டாகப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா நம்ம புள்ள போச்சு?" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனால் கதவுகளை அச்சிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். இளநீல நிறம். அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கதவின் முகத்திலும், கண் மட்டத்தில், வரிசையாக மூன்று மஞ்சள் வட்டம். அக்கா ஈரத்துணியால் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் கரைந்து போனது. போன இடத்தில் காசு அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் சிவப்பாகக் குங்குமம், பூச்சோடு சேர்ந்து இறுகிப்போய்.

"என்னக்கா இது?"

"பாத்தா தெரியல? பொட்டு."

"தொடைக்காமலா ஜெல் அடிச்சீங்க?"

"சாமி கும்பிட்டு வெச்ச பொட்ட, மறுநாளு காலையில எந்திரிச்சு அழுக்குத் துணிய வெச்சு அழிக்கச் சொல்றியா? அதுவும் ஒம் பொண்ணுக்குச் செய்யுற கதவு. நல்லா இருக்கணும்னுதான் அப்படியே மேல அடிச்சேன். மெலிசாப் போயிடும்னு நெனைச்சேன்."

"நெனைச்சீங்க! தொழில் தெரிஞ்சவங்கதான நீங்க? ஒரு முடி கெடந்தாலே என்னைய ஏசுவீங்க."

"முடியும் பொட்டும் ஒண்ணாடி?"

நான் கத்தினேன், அக்கா கத்தினார். பாய் உள்ளே வந்து, ஒரு கதவின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகம் ஒருமாதிரி கோணியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"படகு கட்டியிருக்கேன், தொட்டி கட்டியிருக்கேன். கல்யாணப் பொண்ணு மாதிரி பொட்டு வெச்ச கக்கூஸ் கதவ இப்பதான் பாக்குறேன். மாஷா அல்லாஹ்!"

"சிரிக்காதீங்க பாய்!"

"சரி, சிரிக்கல. பட்டி போட்டு அடைங்க. திரும்பச் செய்ய ரெசின் இல்ல. லீவு முடிஞ்சுதான் டிரம் வரும்."

பட்டி கலந்து பள்ளங்களை நிரப்பி, தேய்த்து, மட்டமாக்கினோம். கையால் தடவினால் தெரியாது. கண்ணால் பார்த்தால் தெரியும். நீலக் கதவில் மூன்று வெள்ளை வட்டம், நடுவில் குங்குமம் கசிந்து லேசான ரோஸ். பள்ளிக்கூடம் திறக்க ஒரே நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவுகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டினோம். பூவேலை செய்த முகம் உள்பக்கம் வருகிற மாதிரி வைத்தோம், பொட்டு வெளியே தெரிய வேண்டாம் என்று. நல்ல தாழ்ப்பாள். அடியில் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. தலைமை ஆசிரியை சாவிக்கொத்தோடு வந்திருந்தார். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார். உள்பக்கம் பார்த்ததும், "இது என்னம்மா, பொட்டா? அரசாங்கப் பள்ளிக்கூடத்துல யாராச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா நான்ல பதில் சொல்லணும்," என்றார். அக்கா உடனே, "போட்டோ புடிக்க எவன் வர்றான் பொம்பளைங்க கக்கூசுக்குள்ள? வரட்டும், நான் பாத்துக்குறேன்," என்றார். டீச்சர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

என் மகளைக் கூப்பிட்டேன். தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். வந்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் இனித்தது. வருவாள், சிரிப்பாள் என்று நின்றேன்.

கதவு திறந்தது. சிரிப்பு இல்லை.

"இது என்னம்மா மூணு?"

"பொட்டுடி. அக்கா பூஜைக்கு வெச்சது, அச்சுல இருந்து வந்துருச்சு."

"அடைச்ச ஓட்டை மாதிரி இருக்கு."

"ஓட்டை இல்லடி!"

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா அப்படித்தான் இருக்கு. எவனோ ஓட்டை போட்டு, யாரோ அடைச்ச மாதிரி. பழைய கதவுலயும் இதே எடத்துலதான்." ஒரு வட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். "உள்ள உக்காந்தா கண்ணு அங்கதாம்மா போகுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவையே ஓங்கி அறைந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எவ்வளவு பேர் லீவு நாளில் வேலை செய்திருக்கிறார்கள், எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன், ஒரு பொட்டுக்காக. அவள் நின்று கேட்டாள். அப்புறம் என் போனை வாங்கி, டார்ச்சைப் போட்டு, என் கையில் கொடுத்து, "வெளிய நின்னு வட்டம் இருக்குற எடத்துல வெச்சுப் பிடிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளிப்பக்கத்தில் அந்த இடமாகப் பார்த்து ஒவ்வொன்றாக வெளிச்சம் வைத்தேன். இரண்டு தகடு, நடுவில் ஃபோம். ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே போகாது.

வெளியே வந்தாள். "வெளிச்சம் வரல. நான் நம்புறேன். ஆனா நாளைக்கு எல்லாப் புள்ளைங்ககிட்டயும் நீங்க வந்து டார்ச் அடிச்சுக் காட்டுவீங்களா?"

காட்ட முடியாது. அவள் சொல்வது சரி. ஓட்டை இல்லாமல் இருந்தால் போதாது. ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகமும் இருக்கக் கூடாது. இத்தனை வருஷம் அந்தத் தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகம் லேசில் போகாது.

"என்னதான்டி பண்ணச் சொல்ற? பெயிண்ட் அடிக்கவா? பெயிண்ட் நிக்காது, உரியும். உரிஞ்சா மறுபடி வட்டம் தெரியும்."

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த எடத்துல எதையாச்சும் ஒட்டி மறைங்க. மறைக்கிறதுதான் மறைக்கிறீங்க, ஒரு கொக்கி வெச்சு மறைங்க."

"கொக்கியா?"

"துப்பட்டாவ எங்கம்மா போடுறது? வாயில கடிச்சுக்கிட்டுத்தான் போவோம். பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு. தரையில வெக்க முடியுமா அங்க?"

டீச்சர் பட்டென்று, "எனக்கும் அதே கததான். சேலையப் புடிக்க ரெண்டு கை போதல, இதுல ஹேண்ட்பேக் வேற," என்றார். சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். அக்கா சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கா பறந்தது.

கதவு கதவாகச் செய்து தள்ளியிருக்கிறோம். அதற்குப் பின்னால் நிற்கிற பொம்பளை துப்பட்டாவை எங்கே வைப்பாள் என்று ஒருவரும் யோசித்ததில்லை. வாங்குகிறவனும் யோசித்ததில்லை.

அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கு ஓடினோம். ஹார்டனர் கலக்காமல் வாளியின் அடியில் மிஞ்சிக் கிடந்த ரெசின், வெட்டி விழுந்த மேட் துண்டுகள். அக்கா கையகலப் பட்டைகள் போட்டார், அதே இளநீலத்தில். இந்தத் தடவை அச்சை அவரே துடைத்தார், மூன்று தடவை, என்னைப் பார்த்துக்கொண்டே. ஹார்டுவேர் கடையில் துருப்பிடிக்காத ஸ்டீல் கொக்கிகள் வாங்கி, பட்டை இறுகுவதற்கு முன்னால் அதிலேயே பதித்துவிட்டோம். ஒரு பட்டைக்கு மூன்று கொக்கி. பொட்டுக்கு ஒன்று.

சாயங்காலம் வந்து கதவில் வைத்துப் பார்த்தபோது வீட்டுக்காரர் ஸ்குரூவை எடுத்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். "ஆணி, ஸ்குரூ எதுவும் வேணாம் தம்பி. ஒரு ஓட்டை கூடாது இந்தக் கதவுல." ரெசினும் மேட்டும் வைத்து ஒட்டினோம். இறுகினதும் வீட்டுக்காரர் கொக்கியில் கையைக் கோத்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

மகள் தன் துப்பட்டாவை எடுத்து நடுக்கொக்கியில் மாட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து மறுநாளுக்கு யூனிஃபார்ம் துவைத்துக் காயப்போட்டாள். அதுவே எனக்குப் போதும்.

திங்கட்கிழமை போனாள். அன்றைக்குப் பாட்டில் பாதிதான் காலியாகியிருந்தது. அதற்குப் பிறகு சில நாள் முக்கால். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் அதற்கப்புறம் வரவில்லை. மாத்திரையும் இல்லை.

வாசல் வளைவும் வந்துவிட்டது. பெயர்களைக் கல்லில் பொறிக்காமல் ஃபைபர் எழுத்தாக வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று எங்கள் பட்டறைக்கே ஆர்டர் வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நானே மேட் விரித்தேன். எவர் பெயரிலும் குறை வைக்கவில்லை. வளைவும் இருந்துவிட்டுப் போகட்டும், இப்போது எனக்கு அதன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் ஒருவர் எங்கள் டீச்சர் சொல்லி வந்திருந்தார். "அந்தக் கொக்கி வெச்ச கதவு" என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "பொட்டு வெச்சா, வெக்காமலா?" என்று கேட்டார்.

இன்றைக்குக் காலையில் அடுப்பில் வேலையாக இருந்தேன். அவசரத்தில் பாட்டிலைப் பாதி நிரப்பிப் பையில் வைத்துவிட்டேன். வாசல்வரை போனவள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஏம்மா, பாதிதான் ரொப்பியிருக்கீங்க? மத்தியானத்துக்கே பத்தாது."

"அப்ப முருங்கைக்கு இனிமே நான்தான் தனியா ஊத்தணும், போடி," என்றேன். பாட்டிலை வாங்கி, குடத்தில் முக்கி, கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தேன்.